வாசலுக்கு வெளியே, மறுபடியும்

செராதா அணைக்கட்டு முகாம்
9 அக்டோபர் 1955

அன்புள்ள தெர்சில்லா அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கம்ப்ரெசர் சத்தத்தில் இடது காது மட்டும் அடைத்துக்கொண்டிருக்கிறது. நீயும் அப்பாவும் சுகமா? முறைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவிடம் சொல், என்னைக் கதையிலிருந்து எடுத்துவிடட்டும்.

இங்கே கேண்டீன் சமையல்காரன் பொர்தோலோ வாராவாரம் அப்பாவின் தொடர் வருகிற பத்திரிகையை வரவழைத்து, சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் களிச்சட்டியைக்கூடக் கழுவாமல் சத்தமாகப் படிக்கிறான். "ஒத்தோரினோ கவார்தியின் மகத்தான தொடர், 'மலைக்குப் போனவன்'!" என்று ஆரம்பிப்பான். வெடிமருந்து வைக்கிற முரடர்கள்கூட வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். போன வாரம் படித்ததில், மார்க்விஸ் பட்டம் உள்ள பிரபு ஒருவர் தன் மகனை, கொர்ராதோ என்கிற இன்ஜினியரை, வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்கிறார். "நான் கூப்பிடாமல் இந்த வாசலை மிதிக்காதே!"

பொர்தோலோ கரண்டியால் என்னைக் காட்டினான். "கவார்தி இன்ஜினியரே, இது நீங்கதானய்யா?" அன்றிலிருந்து எனக்குப் பெயர் சின்ன மார்க்விஸ். "சின்ன மார்க்விசுக்கு இன்னொரு கரண்டி களி போடு, வீட்ல கோழி தின்ன உடம்பு, எளைச்சுடப் போவுது!"

அந்த வசனம் அப்பா என்னிடம் சொன்னதுதான். எழுத்து மாறாமல். நான் பட்டம் வாங்கிய அன்று விருந்தில், என் பேராசிரியர் எதிரிலேயே, "எர்மெஸ், அந்த மேஜைமேல கொஞ்சம் படு, ஆத்துல மூழ்கினவன் எப்படிக் கிடப்பான்னு பாக்கணும்" என்றார். நான் இன்ஜினியர், உங்கள் பிணம் இல்லை என்றேன். அவர் இந்த வசனத்தைச் சொன்னார். நான் நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். மூன்று வருஷமாக அவர் கூப்பிடவில்லை, நான் வரவில்லை. யாருக்கும் பாக்கியில்லை. அவர் கூப்பிட்டால் அன்றைக்கே ரயில் ஏறுவேன், அதையும் சொல். கூப்பிடாமல் வரமாட்டேன். ஆனால் நம் வீட்டுச் சண்டையை சோளக்களிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்க வேண்டாம்.

உன் முழங்கால் வலி தேவலையா?

தம்பி,
எர்மெஸ்


மாந்தோவா
21 அக்டோபர் 1955

என் தம்பி எர்மெசுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காதில் வெதுவெதுப்பான எண்ணெய் இரண்டு சொட்டு விடு. என் முழங்கால் மூடுபனி வந்தால் வலிக்கும், போனால் விட்டுவிடும். இப்போது மூடுபனிக் காலம், வேறென்ன சொல்ல. அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

கொர்ராதோ நீயில்லை. அப்பாவின் கதைகளில் எல்லா அப்பாக்களும் மார்க்விஸ்கள், எல்லா மகன்களும் வீட்டைவிட்டுப் போகிறவர்கள். போ நதிக்கரைச் சவரக்கடைக்காரர் மகன் அவர், ஒரு மார்க்விசையாவது நேரில் பார்த்திருப்பாரா? நாடகக் கம்பெனியில் மேடைக்கு அடியில் கூண்டுக்குள் உட்கார்ந்து நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தபோது மார்க்விஸ் வேஷக்காரர்களின் பூட்சைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். கண்ணால் பார்க்காத எதையும் எழுத வராது என்று அவர் நம்மை நடிக்கவைத்துச் சாகடித்ததெல்லாம் அதனால்தான். நீயாவது மூழ்கினாய். என்னை எத்தனை முறை கடத்திக்கொண்டு போனார்கள் தெரியுமா? என்னை அடைத்துவைத்த அந்த அலமாரிக்குள் இன்னும் என் ஊக்கு கிடக்கிறது.

நீ சொன்னதைச் சொல்கிறேன். குளிருக்கு என்ன செய்கிறாய், சாக்ஸை எங்கே காயவைக்கிறாய், எல்லாம் விவரமாக எழுது. எனக்குப் படிக்க ஆசையாக இருக்கிறது.

கம்பளிப் பனியனைக் கழற்றாதே.

உன் அக்கா,
தெர்சில்லா


செராதா முகாம்
6 நவம்பர் 1955

அன்புள்ள அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது. எண்ணெய் விட்டேன், காது திறக்கவில்லை. நீங்கள் இருவரும் நலமா?

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்றுப் படித்த அத்தியாயத்தில் கொர்ராதோவுக்கு இடது காது அடைத்திருக்கிறது. கம்ப்ரெசர் குழாய்மேல் சாக்ஸ் காயவைக்கிறான். காதை முதல் கடிதத்திலும், சாக்ஸை இடையில் போட்ட அட்டையிலும் நான் உனக்கு எழுதியது, அவருக்கு இல்லை! அப்படியென்றால் என் கடிதங்களை அவர் படிக்கிறாரா? திருட்டுத்தனமாகவா, நீ கொடுத்தா? படிக்கிறவர் இரண்டு வரி பதில் போட்டால் கை தேய்ந்துவிடுமா?

இன்னொன்று. அப்பாவின் கதையில் எப்போதும் ஏதாவது ஒன்று உதைக்கும். ஆறு மேட்டில் ஏறும். மாதம் முழுக்கப் பௌர்ணமியாக இருக்கும். ஒரு கதையில் வில்லன் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து, எழுந்து, அதே வேகத்தில் குதிரையேறினான். அதைத்தான் அன்று பேராசிரியர் எதிரில் சொல்லிக்காட்டினேன். இந்தக் கதையில் எல்லாம் சரியாக இருக்கிறது. கான்கிரீட் சுமக்கிற கேபிள் தொட்டி சரியான பக்கம் ஆடுகிறது. அவருக்கு என்ன ஆயிற்று?

மார்க்விஸ் தினமும் சாயங்காலம் ஜன்னலருகே நிற்கிறார், மழை வருமா என்று பார்க்கிற பாவனையில். உண்மையில் சாலையைப் பார்க்கிறார். பொர்தோலோ அங்கே வந்ததும் படிப்பதை நிறுத்தி மூக்கைச் சிந்தினான். "இந்தக் கெழவன் கூப்பிட்டுருவான், பாருங்க" என்றான். பாறையில் துளைபோடும் தொழிலாளி சாந்தே, "மார்க்விஸ் சாதி கூப்பிடாதுடா, செத்தாலும் கூப்பிடாது" என்றான். முகாமே இரண்டு கட்சியாகிவிட்டது. இரண்டு கட்சியும் என் முகத்தைப் பார்க்கிறது.

அப்பா ஜன்னல் பக்கமே போகமாட்டாரே, சளி பிடிக்கும் என்று. இப்போது நிற்கிறாரா? ஆம், இல்லை என்று பதில் எழுது. வழக்கம்போல் பூசணிக்காயைப் பற்றி எழுதித் தப்பிக்காதே.

எர்மெஸ்


மாந்தோவா
29 நவம்பர் 1955

தம்பி எர்மெஸ்,

தாமதத்துக்குக் கோபிக்காதே. இறந்தவர்கள் தினத்துக்கு அம்மா கல்லறையில் சாமந்தி வைத்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு இருமல். இப்போது பரவாயில்லை. உன் காது? டாக்டரைப் பார்.

அப்பாவின் நாற்காலியை ஜன்னலருகே போட்டிருக்கிறோம். பகல் முழுக்க அங்கேதான் இருக்கிறார். ஆம், இல்லை கேட்டாய், இதுதான் பதில்.

நீ வேண்டாம் என்றாலும் சொல்கிறேன், இந்த வருஷம் பூசணிக்காய் நன்றாக விளைந்திருக்கிறது. வேலைக்கு வருகிற ஆர்ஜியா அதை மாவில் பொதிந்து தொர்தெல்லி செய்தாள். அப்பா மூன்றே மூன்று சாப்பிட்டார்.

கதைக்காக இரண்டு சந்தேகம். கடும் உறைபனியில் கான்கிரீட்டை என்ன செய்வீர்கள்? இரண்டாவது, வீட்டைவிட்டுப் போன ஒருவனை அப்பா கூப்பிடுகிறார். அவன் வருகிறான், கதவு திறக்கிறது. அவன் முதலில் என்ன செய்வான்? உனக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்கிறேன். கதைக்குத்தான்.

கால் ஈரமாக இருக்கக்கூடாது, மறக்காதே.

அக்கா


செராதா முகாம்
11 டிசம்பர் 1955

அன்புள்ள அக்கா,

நலம். இருமல் நின்றதா? மார்பில் சூடாக ஏதாவது போட்டுக்கொள்.

உறைபனியில் புது கான்கிரீட்டை வைக்கோலும் சாக்கும் போட்டு மூடி, சுற்றிலும் கணப்புச் சட்டி வைத்து, குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொள்வோம். உள்ளே அதுவே சூட்டை உண்டாக்கும். அந்தச் சூடு வெளியே போகாமல் காப்பதுதான் வேலை. மீறி உறைந்துவிட்டால் இடித்துக் கொட்ட வேண்டியதுதான். ஒட்டுப்போட முடியாது.

இரண்டாவது கேள்விக்கு எனக்கு எப்படித் தெரியும்? என்னை யாரும் கூப்பிடவில்லையே. கேட்டதற்காக யோசித்தேன். கட்டிப்பிடிக்கமாட்டான். மன்னிப்பும் கேட்கமாட்டான். எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்பான். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது நேராகக் கேட்கிறேன். அவர் என்னைக் கூப்பிடுகிறாரா? வாராவாரம் மார்க்விஸ் எழுதத் தொடங்குகிறார், கிழித்துப் போடுகிறார். போன வாரம் 'மகனே' என்பதுவரை வந்துவிட்டார். பொர்தோலோ அடுப்பில் கிடந்த களியையே மறந்து கருகவிட்டான். முகாமுக்கே கருகல் களி, எல்லாரும் அதையே தின்றார்கள். இதெல்லாம் எனக்கா, பத்திரிகைக்கா? நான் அளவும் எடையும் போட்டுப் பழகியவன். இதை எதில் வைத்து அளப்பது என்றே தெரியவில்லை.

கிறிஸ்துமசுக்கு விடுமுறை எடுக்கலாம். அப்பா பென்சிலால் ஒரு வரி எழுதட்டும். 'வா' என்றால் போதும். டைப் அடித்தது வேண்டாம், அவர் கையெழுத்தில். வந்துவிடுகிறேன்.

எர்மெஸ்


மாந்தோவா
20 டிசம்பர் 1955

என் தம்பிக்கு,

நாங்கள் நலம். இருமல் போய்விட்டது. அப்பாவுக்குப் பல் வலி, அதைத் தவிர ஒன்றுமில்லை.

இந்தக் கிறிஸ்துமசுக்கு வராதே. மூடுபனியில் ரயில்கள் நடுவழியில் நிற்கின்றனவாம். அப்பாவும் ஓய்வு எடுக்கவேண்டியிருக்கிறது. கையெழுத்து கேட்டாய். பென்சில் பிடிக்க விரல் வரவில்லை. குளிர் இந்த வருஷம் அப்படி. பண்டிகை கழியட்டும், பார்க்கலாம்.

பொட்டலத்தில் பாதாம் ரொட்டி இருக்கிறது. அதைக் கத்தியால் வெட்டாதே, கையால் உடைத்துத் தின்ன வேண்டும். பொர்தோலோவுக்கும் கொடு. கணப்புச் சட்டி பற்றி நீ எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன்.

நல்ல கிறிஸ்துமஸ், என் கண்ணே.

தெர்சில்லா


மாந்தோவா
8 ஜனவரி 1956

பிரியமுள்ள மருமகன் எர்மெசுக்கு செலிந்தோ மாமா எழுதுவது,

புது வருஷம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். என் உடம்பை நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். இடுப்பு போய்விட்டது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலமெல்லாம் கொடி காட்டி நின்றபோது வராத வலி இப்போது வந்திருக்கிறது. காரணம் உன் அக்கா. உன் அம்மா இருந்திருந்தால் தன் அண்ணனை இப்படிப் பாடுபடுத்த விட்டிருப்பாளா?

ஒவ்வொரு வியாழனும் என்னைக் கூப்பிட்டனுப்புகிறாள். நான்தான் கொர்ராதோ! இந்த வயிற்றோடு! போன வாரம் பனிச்சரிவில் சிக்க வேண்டுமென்று சோபா மெத்தைகளை எல்லாம் என்மேல் போட்டாள். "மாமா, கொஞ்சம் தவிச்சுக் காட்டுங்க." "தவிக்கிறேன்டி, நெசமாவே தவிக்கிறேன், மெத்தைய எடு." ஆர்ஜியா சிரித்து உருண்டாள். உன் அப்பா மட்டும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் ஆர்ஜியாவும் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிறோம். என் இடுப்பு அதில்தான் போனது. அவருடைய அந்தப் பக்கம் முழுக்க மரக்கட்டை மாதிரி கனக்கிறது. டாக்டர் வசந்தத்தில் பேச்சு கொஞ்சம் வரலாம் என்கிறார். செப்டம்பரிலும் இதையேதான் சொன்னார், மனிதன் வாயில் வேறு வார்த்தை கிடையாது. நீ கிறிஸ்துமசுக்காவது எட்டிப் பார்த்திருக்கலாம். வேலை முக்கியம்தான். ஆனாலும்.

உன் மாமா,
செலிந்தோ


செராதா முகாம்
14 ஜனவரி 1956

தெர்சில்லா அக்கா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

செப்டம்பரில் என்ன நடந்தது? அப்பாவை ஏன் தூக்கி உட்கார வைக்கிறார்கள்? பல் வலிக்காரரை இரண்டு பேர் தூக்குவார்களா? யார் பேச்சு வரவேண்டும்? யார் எழுதுகிறார்கள் அந்தக் கதையை?

பதில் எழுது. சொற்களைக் கணப்புச் சட்டி வைத்துக் காக்கவேண்டாம்.

எர்மெஸ்


மாந்தோவா
2 பிப்ரவரி 1956

என் எர்மெஸ்,

நீ நலமாக இருக்க வேண்டும். இதை உண்மையாகவே கேட்கிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து தினமும் இதை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் தொடக்கத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பா கதைக்கான காட்சியை நடிக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கொர்ராதோ. அப்பாவே மார்க்விஸ். நான் மூலையில் டைப்ரைட்டரோடு. "நான் கூப்பிடாமல் இந்த வாசலை மிதிக்காதே" என்று கத்தினார். மாமா வெளியே போனார். திருப்தியில்லை, கையை வீசி மறுபடி வரச்சொன்னார். மாமா மறுபடி வந்தார், மறுபடி போனார். அடுத்த முறை அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். மாமா வெளியே நின்று, "போதுமா ஒத்தோரினோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவில்லை.

வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை இருக்கிறது. கண் இருக்கிறது. அவர் கடைசியாக வாயால் சொன்னது அந்த வசனம். அதை உனக்கு எப்படி எழுதுவேன்?

கேண்டீனில் கேட்டதாக நீ முதல் கடிதத்தில் எழுதிய அத்தியாயம் அவருடையது. அது வரைதான் அவர். வெளியே போ என்பது வரை. மிச்சமெல்லாம் நான். அவர் பென்சிலில் எழுதியதைப் பத்து வருஷமாக டைப் அடித்தவள், மிலானில் பத்திரிகை ஆபீசில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆசிரியர் பெரேகோவுக்கு நான் சொல்லவுமில்லை. முதல் வாரம் தொடரை நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். பத்திரிகை வருகிற நாள் அப்பா இடது கையால் மேஜையைத் தட்டித் தட்டி அதைக் கேட்டார். படித்துக் காட்டினேன். அடுத்த வாரமும் தட்டினார். படிக்க ஏதாவது வேண்டுமே. எழுதினேன். தான் எழுதியது என்று நினைத்துக் கேட்கிறாரா, நான் எழுதுகிறேன் என்று தெரிந்து கேட்கிறாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு உலகம் தெரியாது, உன் கடிதம்தான் தெரியும். அதை எடுத்துக்கொண்டேன். மார்க்விஸ் ஜன்னலில் நிற்பது என் கற்பனை. அப்பாவை ஜன்னலில் உட்கார வைத்ததே அதற்குப் பிறகுதான்.

திட்டு. ஆனால் உடம்பைப் பார்த்துக்கொள்.

தெர்சில்லா


செராதா முகாம்
19 பிப்ரவரி 1956

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். நீங்கள் எப்படி? இந்த மாதிரிப் பனி இந்த மலையில் யாரும் பார்த்ததில்லையாம். வேலை நின்றுவிட்டது. கேபிள் உறைந்துவிட்டது. உன் கடிதமே பனிச்சறுக்குக்காரன் முதுகில் வந்தது.

திட்டத்தான் உட்கார்ந்தேன். எதற்கென்று திட்டுவது? அவர் விழுந்ததைச் சொல்லாததற்கா? சொல்லியிருந்தால் இரக்கப்பட்டு வந்திருப்பேன், அவர் கூப்பிட்டதால் அல்ல. சொல்லாததால் இத்தனை மாதம் என்னைக் கூப்பிடப் போகிறார் என்று களிச்சட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எது மோசம்? எனக்குத் தெரியவில்லை.

அந்த 'மகனே' உன்னுடையது. சரி. அப்படியென்றால் என்னை மன்னித்தது யார்? நீ எதற்கு மன்னிக்க வேண்டும், உன்னோடு எனக்கு என்ன சண்டை? அவர் என்னைப்பற்றி எழுதியது ஒரே ஒரு அத்தியாயம், அதில் நான் வெளியே.

பொர்தோலோ காலையில் கேட்டான். "இன்ஜினியரே, பத்திரிகை வர்ல. வீட்டுக்கு எழுதிக் கேளுங்களேன், கூப்பிட்டாராமா?" கூப்பிடவில்லை என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது, சொல்லிவிடுகிறேன். அப்பா எழுதிய எதையும்விட நீ எழுதியது நன்றாக இருக்கிறது. இதை அன்றைக்கு அவரிடம் சொல்லியிருந்தால் இரண்டாவது தடவையும் வெளியே அனுப்பியிருப்பார்.

எர்மெஸ்


மாந்தோவா
6 மார்ச் 1956

அன்புத் தம்பி,

பனி இங்கும் முழங்கால் உயரம் இருந்தது, இப்போது உருகி ஒழுகுகிறது. அப்பா ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தார். நான் நலம், நீ எழுதிய கடைசி வரிகளால் கூடுதல் நலம்.

நான் மிலானுக்குப் போக வேண்டும். பெரேகோவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். நேரில் வா, கடைசி அத்தியாயத்தோடு வா என்று தந்தி கொடுத்துவிட்டார். அடுத்த கதை யார் பெயரில் என்பதை அப்போது பேசலாமாம். ஆனால் கடைசி அத்தியாயம் என்னிடம் இல்லை. கொர்ராதோ உள்ளே வருகிறான், மார்க்விஸ் என்ன செய்கிறார்? மாமாவை உள்ளே வரச்செய்து பார்த்தேன். அப்பா அவரைக் கவனிக்கவே இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இட்டுக்கட்டி எழுதலாம். மற்றதெல்லாம் அப்படித்தானே எழுதினேன். இது மட்டும் முடியவில்லை. இது என்னுடையது இல்லை.

எர்மெஸ், அவர் கூப்பிடமாட்டார். அவரால் முடியாது. முடிந்தாலும் கூப்பிடுவாரா என்று உனக்கு நான் சத்தியம் செய்ய முடியாது. உனக்கு வேலை நின்றிருக்கிறது. நான் திங்கட்கிழமை கிளம்புகிறேன், ஆர்ஜியாவால் மட்டும் அவரைத் தூக்க முடியாது, மாமாவுக்கு இடுப்பு. நீ வா. வந்தால், என்ன நடந்தது என்று எனக்கு மிலானுக்கு எழுது. அழகாக எழுத வேண்டாம். நடந்தது போதும்.

அக்கா


மாந்தோவா, வீட்டுப் படிக்கட்டு
14 மார்ச் 1956

அன்புள்ள அக்கா,

நான் நலம், காது திறந்துவிட்டது. ரயிலில் மலை இறங்கும்போது தானாகத் திறந்தது. மிலானில் உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே அப்பா காலையில் பாலில் ரொட்டி நனைத்துச் சாப்பிட்டாராம். நடுவில் நாற்காலியில் சரிந்தவரைத் தூக்கி உட்கார வைத்தேன், எளிதில்லை. அது பின்னால் நடந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

பத்து மணிவாக்கில் வந்து மணியடித்தேன். ஆர்ஜியா திறந்து சிலுவை போட்டுக்கொண்டாள். மாமா சோபாவில். அப்பா ஜன்னல் நாற்காலியில், முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அவ்வளவு மெலிந்திருப்பார் என்று நீ எழுதவில்லை. நான் பெட்டியோடு அறை நடுவில் நின்றேன். என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார், அதில் சந்தேகமில்லை. பிறகு இடது கையைத் தூக்கி, வாசல் பக்கமாக வீசினார்.

வெளியே.

போய்விட்டேன். படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறேன், ஆர்ஜியா பின்னாலேயே ஓடி வருகிறாள். "எங்க தம்பி போறீங்க? அவரு வாசலையே பாத்துக்கிட்டிருக்காரு!"

"வெளிய போகச் சொன்னாரே, பாக்கலையா நீ?"

"பாத்தேன். விரட்டத்தான் விரட்டுனாரு. விரட்டுனா போயிடறதா? பெத்தவரு!"

உள்ளேயிருந்து மாமா கத்தினார். "விரட்டலடி, மடச்சி! திரும்ப வரச் சொல்றாரு! எத்தன வாட்டி என்னைய இப்படி வெளிய போக வச்சு உள்ள வர வச்சிருக்காரு, எனக்குத் தெரியாதா? டேய் எர்மெஸ், சரியா வரலடா நீ, மறுபடி வாடா!"

"சரியா வர்றதுன்னா எப்படி மாமா?"

"எனக்கென்ன தெரியும், அவரக் கேளு!"

மறுபடி போனேன். இந்த முறை பெட்டி இல்லாமல். மறுபடியும் கை. வெளியே வந்தேன், அடுத்த முறை 'அப்பா' என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன். கை. பேசாமல் போய்ப் பக்கத்தில் மண்டியிட்டேன், எனக்கு அது வராது என்று தெரிந்தும். கை, இன்னும் வேகமாக, எரிச்சலோடு. அந்த எரிச்சல் எனக்கு நன்றாகத் தெரிந்த எரிச்சல். அவர் கதைக்காக நான் பொய்யாகச் செத்தால் இப்படித்தான் கோபப்படுவார்.

ஆர்ஜியாவும் மாமாவும் இப்போது எனக்காகச் சண்டை போடுகிறார்கள். அவள் விரட்டுகிறார் என்கிறாள். மாமா நடிப்பு சரியில்லை என்கிறார். எனக்குத் தெரிந்த எந்தக் கருவியும் இதை அளக்காது. கை ஒன்றுதான், போ என்றாலும் மறுபடி வா என்றாலும் அவர் வாழ்நாள் முழுக்க இந்த ஒரே வீச்சைத்தான் வீசினார், நினைத்துப் பார். என்னை மகன் என்று தெரிந்து அனுப்புகிறாரா, கொர்ராதோ என்று நினைத்துத் திருத்துகிறாரா, இரண்டுமா? இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா? நீ எழுத்தாளர், நீ சொல்.

ஒன்று மட்டும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். நான் வெளியே போகும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மாமாவுக்குத் திருப்பிக்கொண்டாரே, எனக்கு இல்லை. வெளியே போ என்றவர் கதவைச் சாத்தச் சொல்லவும் இல்லை. ஆர்ஜியா சாத்தப் போனபோது மேஜையைத் தட்டினார்.

அதனால் கதவு திறந்தே கிடக்கிறது, நான் படிக்கட்டில் உட்கார்ந்து முழங்கால்மேல் காகிதம் வைத்து எழுதுகிறேன். இங்கிருந்து அவர் செருப்பு மட்டும் தெரிகிறது.

பெரேகோவைக் காத்திருக்கச் சொல். கத்தினால் கத்தட்டும். காட்சி இன்னும் முடியவில்லை. மார்பைக் குளிர்காற்றுக்குக் காட்டாதே, இருமல் திரும்பும். தபால்காரர் கீழே வந்துவிட்டார், இதை அவரிடம் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போகிறேன்.

தம்பி,
எர்மெஸ்